கிணற்று முறையில் ஒரு ஜீப்

எங்கள் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கிணறும் ஜீப்பும் ஒரே வரியில் இருக்கின்றன. நிலத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தாயிற்று. வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தாயிற்று. தென்னை மரங்களை எண்ணிப் பிரித்தாயிற்று. கடைசியில் பிரிக்க முடியாமல் நின்றவை இரண்டு. ஒன்று கிணறு. இன்னொன்று, இரண்டு வீட்டுக்கும் பொதுவான களத்தில் நின்ற பழைய டீசல் ஜீப். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி அது. அண்ணன் தனக்கு வேண்டும் என்றார், நானும் எனக்கு வேண்டும் என்றேன். பத்திரம் எழுதுகிறவருக்குச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, கிணற்றுக்கு என்று ஏற்கெனவே எழுதியிருந்த வாசகத்தின் நடுவில் 'மற்றும் டீசல் ஜீப் ஒன்று' என்று சேர்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அதனால் கிணற்றுக்கு என்ன சட்டமோ அதுவே ஜீப்புக்கும் ஆயிற்று. திங்கள், செவ்வாய், புதன் அண்ணன் முறை. வியாழன், வெள்ளி, சனி என் முறை. ஞாயிற்றுக்கிழமை யாரும் மோட்டார் போடக் கூடாது, கிணறு ஊற வேண்டும். ஜீப்பும் ஞாயிற்றுக்கிழமை களத்தில் நின்று ஊறியது. பத்திரத்தில் இன்னொரு வரியும் உண்டு: மேற்படி சொத்தை இரு தரப்பினரும் சேர்ந்து தூர் வாரிக்கொள்ள வேண்டியது. ஜீப்பை எப்படித் தூர் வாருவது என்று அன்றைக்கு எங்கள் இருவருக்குமே கேட்கத் தோன்றவில்லை.

முறை என்பது எங்கள் பக்கத்தில் விளையாட்டுக் காரியம் இல்லை. அடுத்தவன் முறையில் மோட்டார் ஸ்விட்சில் கை வைத்தவனை ஊர் மூன்று தலைமுறைக்குப் பேசும். அண்ணன் முறையில் நான் ஜீப்பின் மேல் சாய்ந்துகூட நின்றதில்லை. அப்போதெல்லாம் இதில் ஒரு கசப்பும் கிடையாது. அண்ணன் இரண்டு லாரி வாங்கி ஓட்டினார், நான் கோழிப்பண்ணை போட்டேன். அண்ணன் தினமும் காலையில் பண்ணை வாசலுக்கு வந்து, இடுப்பில் கை வைத்து வானத்தைப் பார்த்து, "இன்னிக்கு மழ வரும்டா" என்பார். வராது. மறுநாளும் வந்து அதையே சொல்வார். அந்த நம்பிக்கையை நான் வேறு எவரிடமும் பார்த்ததில்லை.

பேச்சு நின்றது எடப்பாடியில். சொந்தக்காரர் வீட்டுப் புதுமனை விசேஷம். அண்ணன் முறை நாள் என்பதால் அவர்தான் ஜீப்பை ஓட்டினார். நிறுத்த இடம் பார்த்துப் பின்னால் எடுத்தபோது பந்தல் காலில் இடித்துவிட்டார். பந்தல் அவசரப்படாமல், மிகுந்த மரியாதையோடு, பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் மேல் இறங்கியது. யாருக்கும் அடி இல்லை. துணியைக் கிழித்துக்கொண்டு முதலில் வெளியே வந்தது ஒரு பெரியவரின் தலை, வாயில் கடித்த வடையோடு. நான் சிரித்துவிட்டேன். நான் மட்டுமா சிரித்தேன்? நூறு பேர் சிரித்தார்கள். அண்ணனுக்கு என் சிரிப்பு மட்டும்தான் கேட்டது. என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். வீடு வரும்வரை பேசவில்லை. ஜீப்பைக் களத்தில் நிறுத்திவிட்டு இறங்கிப் போனவர் அதற்குப் பிறகு இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. ஜீப்பையும் இருவரும் வெகுநாள் தொடவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. இரண்டு தடவை வலியப் போய் "அண்ணா" என்றேன். முதல் தடவை அவர் தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்தார். இரண்டாவது தடவை மரம் இல்லாத இடமாகப் பார்த்துப் போனேன். அங்கே மின்கம்பத்தைப் பார்த்தார். எனக்கும் கோபம் வரும், என் கோபம் ஊரறிந்தது. ஆனால் அதைவிட வலியாக இருந்தது காலை நேரம். பண்ணை வாசலில் யாரும் வந்து நின்று மழை வரும் என்று பொய் சொல்லாத காலை எனக்குப் பிடிக்கவே இல்லை. அண்ணன் பேச வேண்டும். திட்டினாலும் போதும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அதற்குத்தான் ஜீப்பைச் சரிசெய்யலாம் என்று யோசித்தேன். எங்கள் இருவருக்கும் பொதுவாக மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதை ஓட வைத்துவிட்டால் "எப்படிடா ஓட வெச்ச?" என்றாவது ஒரு வார்த்தை வந்துதானே ஆக வேண்டும்? இதை என் மனைவியிடம் சொன்னேன். அவளும் அண்ணியும் இத்தனை காலத்தில் ஒரு நாள்கூடப் பேச்சை நிறுத்தியதில்லை. சுவருக்கு மேலே குழம்புக் கிண்ணம் போவதும் வருவதுமாகத்தான் இருந்தது.

"அதுக்கு எதுக்குங்க இத்தன நட்டும் போல்ட்டும்?" என்றாள். "காலுல விழுந்துட்டாப் போகுது."

"விழலாம். அவரு கால நகத்திக்கிட்டா?"

அவள் குழம்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போய்விட்டாள்.

ஒரு வியாழக்கிழமை வேலையை ஆரம்பித்தேன். தார்ப்பாயை விலக்கியதும் பின் இருக்கையில் ஒரு நாட்டுக்கோழி அடை உட்கார்ந்திருந்தது தெரிந்தது. அண்ணி வீட்டுக் கோழி. ஆயிரக்கணக்கில் கோழி வளர்க்கிறவன் நான். இது ஒரு கோழி. கையை நீட்டினேன், ரத்தம் வரக் கொத்திவிட்டது. குஞ்சு பொரித்து இறங்கும்வரை பின்பக்கம் போக முடியாது என்று தெரிந்ததால் முன்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்தக் கோழிதான் காரணம் என்று இப்போதும் சொல்வேன்.

மெக்கானிக்காகத் திருச்செங்கோட்டிலிருந்து ஒருவரைப் பிடித்தேன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளில் காலமெல்லாம் வேலை பார்த்து, ஓய்வாக ஊர் திரும்பியவர். ரிக் சத்தத்தில் பேசிப் பழகியதால், பக்கத்தில் நின்று பேசினாலும் பக்கத்து ஊருக்குப் பேசுகிற மாதிரி பேசுவார். எந்தத் துருப்பிடித்த நட்டையும் முதலில் பெரிய சம்மட்டியால் மிரட்டிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பார். எங்கள் முறைக் கதையைக் கேட்டதும் அவர் ஆச்சரியப்படவில்லை. தலையை ஆட்டிவிட்டு ஒரு கொள்கையை அறிவித்தார்.

"சின்னவருங்க, முன்னாடியே சொல்லிப்புடறேன். பெரியவரு கூப்புட்டா அவருக்கும் வேல செய்வேன். ஆனா உங்க முறையில அவரு பேச்சு என் வாயில வராது. அவரு முறையில உங்க பேச்சு வராது. முன்ன ஒருக்கா ஒரு கெணத்துல இந்தப் பக்கத்துச் சேதிய அந்தப் பக்கம் சொல்லி, ரெண்டு ஊட்டுக்காரரும் சேந்து என்னயத்தான் அடிச்சாங்க."

மூன்று நாள் உழைத்தோம். முன்பக்கத் தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, துருவைச் சுரண்டி, எஞ்சினைப் பிரித்துக் கழுவி, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் கதவு வரைக்கும் பச்சைப் பெயின்ட் அடித்து முடித்தேன். திங்கட்கிழமை காலையில் ஜன்னல் ஓரமாக நின்று அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வந்தார். ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றினார். பச்சைப் பெயின்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். மத்தியானம் ஒரு லாரி பெயின்டர் வந்து இறங்கினார். கோழியை அண்ணன் சாக்குப் போட்டு மூட, பெயின்டர் கதவிலிருந்து பின்பக்கம் முழுவதையும் வெள்ளையாக அடித்துவிட்டுப் போனார். கோழி அண்ணனைக் கொத்தவில்லை. அவர் வீட்டுக் கோழி அல்லவா?

வியாழக்கிழமை என் முறை வந்தபோது ஜீப் முன்னால் பச்சை, பின்னால் வெள்ளை. வெள்ளையின் மேல் நான் பச்சை அடித்திருக்கலாம். ஆனால் அவர் முறையில் அடித்த பெயின்ட், அவர் முறையில் இறைத்துத் தொட்டியில் வைத்த தண்ணீர் மாதிரி. அதில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவரும் பச்சையைத் தொடவில்லை. இப்படியாக, ஒரு வார்த்தை பேசாமல், ஜீப்பையும் பாகம் பிரித்துக்கொண்டோம். முன்பக்கம் எனக்கு, பின்பக்கம் அவருக்கு.

அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது. நான் முன்னால் பவர் ஸ்டீயரிங் வைத்தேன். அவர் பின்னால் லாரிக்குக் கட்டும் கறுப்புக் குஞ்சம் கட்டினார், வரிசையாகச் சிவப்பு விளக்கு வைத்தார். நான் பண்ணையிலிருந்து ஒரு காற்றாடியைக் கொண்டுவந்து டேஷ்போர்டு மேல் பூட்டினேன். போட்டால் ஓட்டுகிறவன் தலைமுடி நட்டுக்கொள்ளும். கோழிகள் மூக்கால் முட்டித் தண்ணீர் குடிக்கும் குழாய் இருக்கிறதே, அதையும் ஓட்டுநர் தலைக்கு மேல் வைத்தேன். வெயிலில் போகும்போது அண்ணாந்து நாக்கால் தொட்டால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரும். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அண்ணன் பதிலுக்கு லாரி ஏர் ஹாரன் வைத்தார். அவருக்குச் சொந்தமான இடம் பின்பக்கம்தானே, அதனால் ஹாரனும் பின்னால் பார்த்தபடி இருந்தது. அடித்தால் முன்னால் போகிறவனுக்கு ஒன்றும் கேட்காது. பின்னால் வருகிறவன் ரோட்டை விட்டு இறங்கி ஓடுவான்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் ஜன்னலில் நின்றேன். ஒரு தடவை அண்ணன் என் பவர் ஸ்டீயரிங்கை ஒற்றை விரலால் சுற்றிப் பார்த்தார். அது சுலபமாகச் சுற்றியது. இன்னொரு தடவை சுற்றினார். உதடு அசைகிற மாதிரி இருந்தது. கொட்டாவி விட்டுவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்ததாக இருவருக்கும் ஒரே எண்ணம் வந்தது, அதுவும் தனித்தனியாக. சக்கரங்களுக்கு நடுவில், அச்சில், உருண்டையாக ஒரு பல்சக்கரப் பெட்டி இருக்கும். எஞ்சினின் சுழற்சியை அதுதான் சக்கரத்துக்குக் கொடுக்கும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. எங்களுடையவை இரண்டும் பல் தேய்ந்து கரகரவென்று அரைத்துக்கொண்டிருந்தன. சேலத்தில் பழைய சாமான் கடைகளில் தேடி நல்லதாக ஒரு பெட்டி வாங்கி வந்து முன்னால் போட்டேன். அண்ணன் பள்ளிபாளையத்தில் யாரிடமோ சொல்லி வைத்து, பின்னால் வேறொன்று வாங்கிப் போட்டார். இரண்டையும் பூட்டியவர் ஒரே மெக்கானிக்தான்.

ஜீப் ஓடியது. என் முறையில் நான் சங்ககிரி வரைக்கும் போய் வந்தேன். அவர் முறையில் அவர் போய் வந்தார். சாதாரண ரோட்டில் பின் சக்கரம் இரண்டும் இழுத்தாலே போதும், அதனால் நான்கு சக்கரத்தையும் சேர்க்கிற லிவரை இருவருமே தொடவில்லை. ஜீப் இவ்வளவு அழகாக ஓடியும் அண்ணன் பேசவில்லை. அதுதான் என்னை உடைத்தது. செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாயிற்று. இனி அந்த ஜீப்பில் பூட்டுவதற்கு இடமும் இல்லை.

புரட்டாசியில் நல்ல மழை. அண்ணி குலதெய்வத்துக்கு ஒரு பொங்கல் நேர்ந்திருந்தார். கோயில் மேச்சேரிக்கு அந்தப் பக்கம், ஓடையைத் தாண்டிப் போக வேண்டும். பொங்கலை இரண்டு வீடும் சேர்ந்துதான் வைக்க வேண்டும், அது மாற்ற முடியாதது. கிளம்ப வேண்டிய நாளோ ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் முறையும் இல்லை, என் முறையும் இல்லை. ஜீப்பை யார் ஓட்டுவது? அண்ணன் களத்தின் அந்தக் கோடியில் நின்றார், நான் இந்தக் கோடியில் நின்றேன். பொங்கல் பானையோடு வந்த அண்ணி இரண்டு பேரையும் பார்த்தார்.

"நானென்ன பத்திரத்துலயா இருக்கறேன்?" என்றார். "சாவியக் குடுங்க."

அண்ணி ஏறி உட்கார்ந்தார். என் மனைவி பக்கத்தில் ஏறிக்கொண்டாள். மிச்சம் இருந்தது பின்பக்கம். பழைய ஜீப்பில் பின் இருக்கைகள் எதிரெதிரே பலகை மாதிரி இருக்கும். உட்கார்ந்தால் முழங்கால் முழங்காலோடு இடிக்கும். இரண்டு வருடம் முகம் பார்க்காத நானும் அண்ணனும் நடுவில் பானையை வைத்துக்கொண்டு அப்படி உட்கார்ந்தோம். ஒவ்வொரு குழியிலும் முட்டிக்கொண்டோம். அண்ணன் என் இடது காதைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்தேன், பிறகு திருட்டுத்தனமாக முகத்தைப் பார்த்தேன். கண்ணாடி போட்டிருந்தார். எப்போது போட்டார் என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீடு, ஒரு சுவர்தான் நடுவில்.

முன்னால் அண்ணியும் என் மனைவியும் காற்றாடியைப் போட்டுக்கொண்டு, அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அண்ணி ஒரு தடவை அண்ணாந்து தண்ணீர்க் குழாயை நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானுங்க இருக்குது கொழுந்தனாரே" என்றார். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவுதான், ஆனால் சேறு. முன் சக்கரம் அந்தக் கரையின் கல்தரையில் ஏறிவிட்டது. பின் சக்கரம் சேற்றில் சுற்றியது. "அந்தச் சின்ன லிவரத் தள்ளுங்க அண்ணி," என்றேன். அண்ணி தள்ளினார். ஜீப் ஒரு குதி குதித்தது. முன்பக்கம் ஓர் இழுப்பு இழுத்தது, பின்பக்கம் வரமாட்டேன் என்று நின்றது. மறுபடி குதித்தது. பானை என் மடிக்கு வந்தது, நான் அண்ணன் மடிக்குப் போனேன். அடியில் ஏதோ முறுக்கிக்கொண்டு முனகியது, எஞ்சின் நின்றது. லிவரை இழுத்தால் அது வரவில்லை. பதற்றத்தில் அண்ணியின் கை ஏர் ஹாரனில் பட, பின்னால் வந்துகொண்டிருந்த செம்மறிக் கூட்டம் முழுவதும் அலறிக்கொண்டு ஓடி, ஓடிய வேகத்தில் திரும்பி வந்து ஜீப்பைச் சுற்றி நின்றுகொண்டது.

ஆடு மேய்க்கிறவர் கோலை ஊன்றி நின்று எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, முன்னங்காலு ஒரு கணக்குல போகுது, பின்னங்காலு ஒரு கணக்குல போகுதே," என்றார். "இந்த மாதிரி ஆடுன்னா சந்தையில ஒருத்தன் திரும்பிப் பாக்க மாட்டான்."

என் மனைவி மெக்கானிக்குக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். அவர் குரலுக்கு அது தேவையே இல்லை. நடந்ததைச் சொன்னதும் அவர் முதலில் கேட்டது கிழமையைத்தான்.

"இன்னிக்கு என்னங்க கெழம?"

"ஞாயித்துக்கெழம."

"அப்பன்னா சொல்லலாமுங்க," என்றார். "முன்னாடிப் பொட்டிக்கு ஒரு பல்லுக் கணக்கு, பின்னாடிப் பொட்டிக்கு வேற பல்லுக் கணக்கு. பின் சக்கரம் ஒரு சுத்து வாரதுக்குள்ள முன் சக்கரம் ஒன்னேகால் சுத்து போகுமுங்க. ரெண்டையும் சேத்துப் பூட்டுனா ஒன்ன ஒன்னு புடிச்சு இழுத்துக்கிட்டு நின்னுக்கும்."

"இது பூட்டும்போதே உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றேன். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"தெரியுமுங்க சின்னவருங்க. முன்னாடிது உங்க முறையில பூட்டுனது, பின்னாடிது அவரு முறையில பூட்டுனது. ஒருத்தரு முறையில இன்னொருத்தரு பொட்டியப் பத்தி எப்புடிங்க வாயத் தொறக்கறது? மூணு மாசமா வயித்துல வெச்சுக்கிட்டு எனக்குத் தூக்கம் இல்லீங்க."

பிறகு வழி சொன்னார். அடியில் முன்பக்கத்துக்குப் போகிற நீளமான இரும்புத் தண்டைக் கழற்றிவிட வேண்டும். முறுக்கு விட்டுப் போகும், லிவர் வரும், பின் சக்கரம் மட்டும் இழுக்க, ஆட்கள் தள்ளி எடுத்துவிடலாம். ஒரே சிக்கல், அது இரண்டு ஆள் வேலை. ஒருவர் போல்ட்டின் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் நட்டைத் திருக வேண்டும்.

சக்கரங்களுக்குக் கல் கொடுத்துவிட்டு நான் முன்பக்கமாக ஜீப்புக்கு அடியில் நுழைந்தேன். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கமாக நுழைந்தார். மல்லாக்கப் படுத்து, சேற்றில் முதுகைத் தேய்த்துக்கொண்டு போய், நடுவில் இரண்டு தலையும் இடித்துக்கொண்டன. சாமான் பை என் பக்கம் இருந்தது. அண்ணன் என்னைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினார்.

அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். பதினாலு ஸ்பேனர். அந்த நட்டைப் பார்த்தால் எவனுக்கும் தெரியும். பதினாலு என் கையிலேயே இருந்தது. அதை மெதுவாகத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, பன்னிரண்டைக் கொடுத்தேன்.

வைத்துப் பார்த்தார். நுழையவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி கையை நீட்டினார். பத்தொன்பதைக் கொடுத்தேன். அது நட்டைச் சுற்றிச் சும்மா ஆடியது. அதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வாய் திறக்கவில்லை. கட்டிங் பிளேயரைக் கொடுத்தேன். மூக்கு விடைத்தது, வாய் திறக்கவில்லை. ஜீப்புக்கு அடியில், இந்தச் சேற்றில், தலையோடு தலை இடித்துக்கொண்டு கிடக்கும்போதும் இந்த மனுஷன் பேசவில்லை என்றால் இனி எப்போது பேசுவார்? பையின் அடியில் துழாவினேன். கோழிக் குஞ்சுகளின் கண்ணில் சொட்டு மருந்து விடுகிற சின்னக் குழல் கையில் பட்டது. அதை எடுத்து, பயபக்தியோடு அண்ணன் உள்ளங்கையில் வைத்தேன்.

அவர் அதை வெகு நேரம் பார்த்தார்.

"பதினாலுடா," என்றார்.

தொடைக்கு அடியில் இருந்த பதினாலை எடுத்து நீட்டினேன்.

"பதினாலு ஸ்பேனர். உனக்கு இத்தன வயசாச்சு, ஒரு நட்டப் பாத்தா நெம்பர் தெரியாதா? பத்தொம்போதக் குடுக்கற, பிளேயரக் குடுக்கற, கோழி மருந்தக் குடுக்கற. நானென்ன கோழியா? வண்டி முன்னாடி அந்தக் காத்தாடிய எந்தக் கிறுக்கனாச்சும் வெப்பானா? அதென்ன தலைக்கு மேல குழாயி? அந்தப் பச்சயப் பாத்தாலே எனக்குக் கண்ணு வலி எடுக்குது, அதுக்குத்தான் நான் கண்ணாடியே போட்டேன்."

இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த அத்தனையும் அங்கேயே கொட்டினார். ஒரு போல்ட் அவிழ்ந்து முடியும்வரை திட்டினார், இரண்டாவது போல்ட்டுக்கும் திட்டு மிச்சம் இருந்தது. மூன்றாவதில் குரல் இறங்கிவிட்டது.

"ஊரே சிரிச்சுது. சிரிக்கட்டும். நீ சிரிக்கலாமாடா?"

"தப்புங்ணா," என்றேன். அதற்கு மேல் முடியவில்லை. அழுதேன். சேற்று முகத்தில் ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன்.

"அழுவாத. வாயில சேறு போகும்," என்றார். அவர் குரலும் சரியாக இல்லை. "ஸ்டீயரிங்கு மட்டும் பரவாயில்ல. நல்லாச் சுத்துது."

நான்காவது போல்ட் அவிழ்ந்ததும் முறுக்கிக் கிடந்த தண்டு டொக்கென்று விட்டது. மேலே அண்ணி இழுக்காமலே லிவர் வந்துவிட்டது. அண்ணனும் நானும் ஆடு மேய்க்கிறவரும் சேர்ந்து தள்ளினோம். ஜீப் கரையேறியது. சேறு காயாத உடம்போடு குலதெய்வத்தின் முன்னால் போய் நின்றோம், பொங்கல் பொங்கியது. திரும்பி வரும்போது பின் இருக்கையில் அண்ணன் வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தார். அண்ணி இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினார்.

இது நடந்து சில மாதம் ஆகிறது. கழற்றிய தண்டை இன்னும் பூட்டவில்லை. பூட்ட வேண்டுமென்றால் முன் பெட்டி, பின் பெட்டி இரண்டில் ஒன்றை மாற்ற வேண்டும். தினமும் சாயங்காலம் அண்ணன் என் வீட்டுக்கு வருகிறார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்னுடைய முன் பெட்டிதான் தப்பான கணக்கு, அதைத்தான் கழற்ற வேண்டும் என்று ஆரம்பிப்பார். இல்லீங்ணா, உங்களுடையதுதான் தப்பு என்று நான் சொல்வேன். காப்பி வரும். சண்டை சூடாகும். சில நாள் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்.

போன வாரம் மெக்கானிக் போன் செய்தார். அண்ணனுடைய பின் பெட்டிக்குப் பல் கணக்கு அப்படியே பொருந்துகிற முன் பெட்டி ஒன்று சேலத்தில் கிடைத்திருக்கிறதாம். வாங்கி வரட்டுமா என்று கேட்டார். பூட்டினால் அரை நாள் வேலை, நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், பேச்சே இருக்காது என்றார்.

கொஞ்ச நாள் அது அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

போனை வைப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன் உட்கார்வதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார், உன் பெட்டிய எப்படா கழட்டறே என்று. நான் முடியாது என்றேன். நாளைக்குக் கேட்டாலும் முடியாது என்றுதான் சொல்வேன்.